பல்கலைக்கழக வாயிலும் நம் மாணவரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் ஊர் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே. “பிள்ளைக்குக் கம்பஸ் கிடைக்குமா?” மூன்று பாடத்திலும் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளையின் வீட்டிலுங்கூட இக்கேள்வி எழுகின்றது. சித்தி வேறு, அனுமதி வேறு என்பதே இதன் காரணம். 2022 ஆம் ஆண்டுப் பரீட்சையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றனர். இடம் பெற்றோரோ ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்தவர்கள். ஆகவே தகுதியுடைய பலர் வாயிலில் நின்று திரும்புகின்றனர்.

இவ்வாயிலின் வரலாற்றை நாம் மறத்தலாகாது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தோன்றியது. 1971 இல் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளியும், சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. தரப்படுத்தல் என்னும் சொல் நம்மவர் நெஞ்சில் ஆறாத வடுவானது அப்பொழுதே. பின்பு 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை வழங்கிவருகின்றது.

இசட் புள்ளி என்பது மந்திரமன்று. ஒரு மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்தால் வருவதே அது. உதாரணமாக, இரு பாடங்களிலும் ஒருவர் 70 பெறுகின்றார் எனக் கொள்வோம். இரண்டுக்கும் நியம விலகல் 15. முதற் பாடத்தின் சராசரி 40 ஆயின் அவர் இசட் புள்ளி 2. மற்றதன் சராசரி 55 ஆயின் 1 மாத்திரமே. எழுபது எழுபதுதான், எனினும் அதன் பெறுமதி வேறு. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி கண்டே நிரற்படுத்துகின்றனர்.

பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. நம் திருகோணமலை அப்பதினாறில் ஒன்று. சலுகை பெற்றுப் போகின்றோம் எனச் சிலர் நம்மை இகழ்வதுண்டு. ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த கொழும்புப் பாடசாலையோடு, பௌதிகவியல் ஆசிரியரை எதிர்பார்த்து மாதக்கணக்காய்க் காத்திருக்கும் பாடசாலையை ஒரே கோலால் அளத்தல் நீதியாமோ?

ஆயினும் ஓர் உண்மையை நாமே ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாவட்டத்துக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. திருகோணமலை நகரப் பிள்ளையும், ஆலங்கேணி, ஈச்சந்தீவுப் பிள்ளையும், வெருகற் பிள்ளையும் அச்சில இடங்களுக்கே போட்டியிடுகின்றனர். கிண்ணியாப் பாலம் திறக்கப்பெற்றது 2009 இலேதான். அதன் முன் நகரில் வகுப்புக்குச் சென்றவர்கள் துறைக்கு அஞ்சியே புறப்பட்டனர். 2021 நவம்பரிற் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தபொழுது பள்ளிச் சிறுவர்கள் மாண்டதை இவ்வூரில் யார் மறப்பார்? தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அழுத நாள் அது. நம் பிள்ளைகளின் போட்டி பரீட்சை மண்டபத்திலன்று, பாடசாலைக்குச் செல்லும் வழியிலேயே தொடங்கிவிடுகின்றது.

இன்னொன்று. எங்கள் தோழர் ஒருவர் நல்ல புள்ளி பெற்றார். வைத்தியத்துறை சிறிதால் தவறியது. விண்ணப்பத்தில் வேறு துறைகளை அவர் ஒழுங்காக நிரற்படுத்தவில்லை. அயலவர் என்ன சொல்வரோ என்ற நாணமே அதற்குக் காரணம். தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தையும் இழந்து ஓராண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவர் அறிவிற் குறைந்தவரல்லர், வழிகாட்டுவார் இல்லாதவர். அவ்வேளை அருகிருந்த நாங்களும் வாய் திறந்திலோம். அக்குற்றம் எங்களைச் சார்ந்தது.

பெரியோர்களே, வைத்தியர், பொறியியலாளர் என்னும் இரு சொற்களாற் பிள்ளைகளை அளவாதீர்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றது. தொழில்நுட்பக் கல்லூரியும் கல்வியியற் கல்லூரியும் இழிந்த வாயில்களல்ல.

இளைஞர்களே, நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்று. விடுமுறையில் வீடு வரும் பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் கணிதமோ விஞ்ஞானமோ கற்பிக்க வேண்டும். கடந்தகால வினாத்தாள்களைத் திரட்டிப் பொதுவில் வைக்க வேண்டும். விண்ணப்பக் காலத்தில் கைந்நூலைக் கையிலேந்தி வீடு வீடாய்ச் சென்று உதவ வேண்டும். இவ்வுதவியில் சாதி, சமய வேறுபாடு புகுதலாகாது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பில் மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர். பின்னர் இந்துப் பிள்ளைகளுக்கெனக் கல்விக்கூடங்களை வளர்த்தவர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானவர். அவ்வாயிலுட் சென்றவர் தாம் மாத்திரம் செல்லவில்லை; பின்வருவோர்க்கும் வழி சமைத்தார். மிஷன் பாடசாலையிற் கற்று இன்று பல்கலைக்கழகம் புகுந்த எம்போன்றோர்க்கு அதனினும் பெரிய பாடமில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் ஒரு பிள்ளையேனும் வழிகாட்டலின்றி இடமிழக்காதிருக்கச் செய்வோம் என இச்சபையில் உறுதி கொள்வோமாக.