கற்றலை அளக்கும் பொதுக்கோல்



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைச் செம்மேட்டுக்கு, இந்தக் கருத்தரங்குக்கு வந்திருக்கிறீர்கள். அடிவாரத்தில் நாமக்கல், இராசிபுரம் பக்கம் பள்ளி விளம்பரப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பேர்போன மாவட்டம் இது. மதிப்பெண் எண்ணுவதில் நமக்குக் குறைவில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு பத்தி படித்தால் புரிகிறதா என்று பார்ப்பதில்தான் அக்கறை போதவில்லை.

உலகமும் இதற்கொரு பொதுக்கோலைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. 2012இல் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனமும் புரூக்கிங்ஸ் நிறுவனமும் சேர்ந்து கற்றல் அளவீட்டுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தன. 2015இல் ஐ.நா. ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, வாசிப்பிலும் கணக்கிலும் குறைந்தபட்சத் திறனை எத்தனை பிள்ளைகள் எட்டினார்கள் என்று கேட்கிறது. அந்தக் குறைந்தபட்சம் எது என்பதில்தான் வழக்கு.

நமக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. மாணவர் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா தேர்வின் 2009 சுற்றையொட்டித் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் கடைசி வரிசையில் நின்றோம். வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா விலகிக்கொண்டது. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோலை ஒடித்துப் போட்டால் பிள்ளை உயரமாகிவிடாது.

நல்ல வழியைக் காட்டியது 2022இல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, 20 மொழிகளில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். எட்ட வேண்டிய திறன் எல்லோருக்கும் பொது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற வரம்பு மட்டும் மொழிக்கு மொழி மாறியது. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது கணக்கில் ஒரே சொல். அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் குழந்தையைச் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களின் வேகத்தோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

ஆகவே என் கருத்து இது: குழந்தைக்கு எதைச் செய்யத் தெரிய வேண்டும் என்பதில் உலகம் உடன்படட்டும். எந்த வினாவால், எந்த வேகத்தால் அதை அளப்பது என்பதை அந்தந்த மொழியின் ஆசிரியர்கள் முடிவுசெய்யட்டும்.

சராசரியைப் பற்றியும் ஒரு சொல். கிராமப்புறக் குழந்தைகளின் கற்றலை வீடுவீடாகச் சென்று பார்க்கும் அசர் ஆய்வு மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்று எடுக்கிறது. மாவட்ட நிலவரம் அறிய அது போதும். ஆனால் சமவெளியும் இந்த மலையும் ஒரே சதவீதத்தில் கரைந்துபோகும். இங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியருக்கோ, கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளை யார் என்பதுதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறோம். இந்தக் கருத்தரங்குக்கு நான் வைக்கும் வேலை ஒன்றே. அந்த மூன்றையும், எந்த வகுப்பில் எதைச் செய்யத் தெரிய வேண்டும் என்று பன்னாட்டளவில் வகுத்துள்ள உலகத் திறன் சட்டகத்தின் படிநிலைகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பொருந்தாத இடங்களை வகுப்பறை ஆசிரியர்கள் எழுதட்டும், பேராசிரியர்கள் சரிபார்க்கட்டும். அந்தப் பட்டியலோடு போனால்தான் உலக மேடையில் நம் பேச்சு எடுபடும்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.