சந்தாப் பணத்தில் எழுந்த சைக்கிள் பாதைகள்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கு ஓரத்தில் ஹாலந்து என்று வழங்கும் நெதர்லாந்து தேசம் இருக்கின்றது. அது பெரும்பாலும் சமபூமி. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தது. அந்நாட்டில் மோட்டார் இரைச்சல் எட்டாத வயல்வெளிகளிலும், வாய்க்கால் கரைகளிலும், கடலோர மணற்குன்றுகளின் நடுவிலும், ஒருவன் சைக்கிளில் ஏறி நாட்கணக்காக யாத்திரை செய்யலாம். வயோதிகரும் ஸ்திரீகளும் குழந்தைகளும் அச்சமின்றி அவ்வழிகளிற் செல்லுகின்றனர். காண்பவர்கள் இவையெல்லாம் சர்க்கார் கொடுத்த வரம் என்றே எண்ணுவார்கள். ஆனால் இவற்றின் ஆரம்பம் அவ்வாறன்று. சிறு சந்தா செலுத்திய சாமானிய ஜனங்களின் சங்கங்களே இவற்றிற்கு வித்திட்டன. அந்த வரலாறு கூட்டுறவில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத் தக்கது.

வழிப்போக்கனுக்கு வேண்டுவன மூன்று: நடக்கத் தக்க பாதை, வழி காட்டும் குறி, இரவில் தங்க இடம். இம்மூன்றும் அங்கே எவ்வாறு கிடைத்தன என்பதை ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம்.

முதலாவது, வழிகாட்டும் குறி. 1883-ம் வருஷத்தில் சைக்கிள் ஏறுவோர் சிலர் உத்ரெக்ட் நகரில் ஒன்றுகூடி ஒரு சங்கம் கண்டனர். பின்னர் அது ஏ.என்.டபிள்யு.பி. என்னும் பெயரால் பிரசித்தி பெற்றது. ஊர்ப்பெயரும் தூரமும் காட்டும் பலகைகள் அக்காலத்தில் அருமையாக இருந்தமையால், அயலூர் செல்பவன் வழி தெரியாது தத்தளிப்பான். ஆகவே 1894-ல் அச்சங்கமே தன் செலவில் வழிகாட்டிகளை நாட்டத் தொடங்கிற்று. 1919-ல் காளான் வடிவமான குட்டைக் குறிகளைக் காடுகளிலும் புதர்வெளிகளிலும் பாதைகள் கூடுமிடத்தில் வைத்தது. சைக்கிளில் இருப்பவன் கீழ்நோக்கிய மாத்திரத்தில் படிக்கும்படி அவை அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு. இலக்கத்தைப் படத்தில் தேடினால், நிற்குமிடம் எதுவென்று ஐயமற விளங்கும்.

இரண்டாவது, பாதை. அக்காலத்துக் கிராமச் சாலைகள் ஒன்று கரடுமுரடான கல் பாவியவை, அன்றேல் சக்கரம் புதையும் மணல். 1914-ம் வருஷத்தில் கோய், ஏம்லாந்து என்னும் பிரதேசங்களில் சைக்கிள் பாதை போடுவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. மற்றப் பிரதேசங்களும் அதைப் பின்பற்றின. அங்கத்தினர் சந்தா கொடுத்தனர். நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்தின் ஓரமாகப் பாதை செல்ல அனுமதி தந்தனர். கடற் சிப்பிகளைக் கொட்டி இறுக்கிய வெண்மையான ஒடுங்கிய பாதைகள் புதர்வெளியின் ஊடே எழுந்தன. பெரும் முதல் போட்டவர் எவருமிலர். பலருடைய சிறுதொகை ஓரிடத்திற் சேர்ந்தபடியாற் காரியம் நிறைவேறிற்று.

இதற்கு மாறான ஒரு செய்தியையும் சொல்லுதல் வேண்டும். 1924-ல் அத்தேசத்துச் சர்க்கார் சைக்கிளுக்கு வரி விதித்தனர். வருஷத்திற்கு மூன்று கில்டர் செலுத்தி, உலோகத் தகடு ஒன்று பெற்று வண்டியில் மாட்டவேண்டும். வேலையற்ற ஏழைகளுக்குத் தகடு இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதன் நடுவில் ஒரு துவாரம் இட்டிருந்தார்கள். வீதியிற் செல்பவனது வறுமையை அந்தத் துவாரம் எல்லோருக்கும் அறிவித்தது. 1941 வரையில் இவ்வரி நீடித்தது. மனமுவந்து கொடுத்த சந்தாவினால் மனிதன் அங்கத்தினன் ஆனான். துவாரமிட்ட தகட்டினாலோ அவன் தலைகுனிந்தான். பொதுக்காரியத்திற்குப் பணம் சேர்க்கும் ஒவ்வொரு சங்கமும், ஏழை அங்கத்தினனை வேறுபடுத்திக் காட்டும் முறை எதையும் கைக்கொள்ளலாகாது என்பதற்கு இஃது ஒரு பாடம்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் நிலைமை மாறிற்று. மோட்டார்கள் பெருகின, அகன்ற சாலைகள் வந்தன, சைக்கிள் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. 1971-ம் வருஷத்தில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வாளாவிருக்கவில்லை. ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்னும் பெயராலேயே ஓர் இயக்கம் கண்டு வீதிகளில் இறங்கினர். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுதல் தடுக்கப்பட்டபோது, அமைதியான சாலை எத்தகைய சுகம் என்பதை ஜனங்கள் மீண்டும் கண்டார்கள். 1975-ல் சைக்கிள்காரர்களின் புதிய சங்கம் ஒன்று தோன்றிற்று. இவர்களது விடாமுயற்சியின் பின்னரே சர்க்காரும் நகரசபைகளும் தனிப் பாதைகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கின. சங்கம் தொடங்கிவைக்கும், பெருஞ்செலவைச் சர்க்கார் ஏற்கும்படி செய்வதும் சங்கத்தின் ஒற்றுமையே.

இன்று அங்குள்ள நெடுவழிகளில் ஒன்று கடற்கரை வழி. தெற்கே பெல்ஜிய எல்லையை அடுத்த ஸ்லோய்ஸ் என்னும் சிற்றூரில் தொடங்கி, ஜெர்மனியின் எல்லை வரையில் சுமார் 600 கிலோமீட்டர் செல்லுகின்றது. பிரெஸ்கென்ஸ் துறையில் ஒரு கழிமுகம் குறுக்கிடும். 2003-ல் அதன் அடியே மோட்டார்களுக்குச் சுரங்கச் சாலை திறந்தார்கள். சுரங்கத்தினுள் சைக்கிளுக்கு இடமில்லை. ஆதலால் நடந்து செல்வோருக்கும் சைக்கிள்காரருக்குமாக ஓடம் நிறுத்தப்படாது நடைபெற்றது. இப்பகுதி ஸீலண்ட் மாகாணத்தைச் சேர்ந்தது. 1953-ம் வருஷத்துக் கடற்பெருக்கில் 1,836 உயிர்கள் மடிந்தன. மடிந்தோரில் பலர் அம்மாகாணத்தார். அவ்விபத்து மீண்டும் நேராதபடி கட்டிய அணைகளுள் மிகப் பெரியது 1986-ல் முடிந்தது. நீளம் சுமார் 9 கிலோமீட்டர். புயற்காலத்தில் அதன் கதவுகளை அடைப்பார்கள். மற்றக் காலத்தில் கடல்நீர் உள்ளே வந்துபோகும். அவ்வணையின் மீதும் சைக்கிளில் செல்லலாம். அதன் பின் மணற்குன்றுகள். கடலை அணை போலத் தடுத்து நிற்பதோடு, பட்டணங்களுக்குக் குடிநீர் வடித்துக் கொடுப்பவையும் அவையே.

அண்டை நாடான பெல்ஜியத்தில் லிம்பர்க் என்னும் மாகாணம் உண்டு. அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் 1992-ல் அடியோடு மூடப்பட்டன. பிழைப்பு மாறிய அப்பகுதியில், சுரங்கப் பொறியாளராகிய ஹியூகோ பொல்லன் என்பவர் ஓர் எளிய முறையை வகுத்தார். பாதைகள் கூடுமிடந்தோறும் ஓர் இலக்கம் கொடுத்து, அடுத்த இலக்கத்திற்குச் செல்லும் திசையைப் பலகையில் காட்டுவதே அம்முறை. பூமிக்கடியிலுள்ள சுரங்க வழிகளுக்கு இலக்கமிடும் வழக்கமே இதற்கு மூலம் என்பர். 1995-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஐந்தாறு இலக்கங்களைச் சிறு தாளிற் குறித்துக்கொண்டால் நாள் முழுவதும் வழி தவறாது. ஹாலந்தும் இம்முறையை நாடெங்கும் மேற்கொண்டது.

மூன்றாவது, தங்குமிடம். 1984-ல் ‘சைக்கிள் நண்பர்கள்’ எனப் பொருள்படும் பெயருடன் அங்கே ஓர் ஏற்பாடு தோன்றிற்று. சந்தா கட்டிய அங்கத்தினர், நடந்தோ சைக்கிளிலோ வந்தால், பெயர் பதிந்த குடும்பங்களின் வீட்டில் சொற்பக் கட்டணத்திற்கு இராத் தங்கிக் காலை உணவும் பெறுவர். இன்னும் பல குடியானவர்கள் தங்கள் முற்றத்திலேயே இளைப்பாறும் இடம் வைத்துள்ளனர். மேசையும் ஆசனமும் காப்பியும் இருக்கும், காவலாள் இரான், அருந்தியவன் அங்குள்ள பெட்டியில் பணத்தை இட்டுச் செல்லுவான்.

இதனாற் கிராமத்திற்கு என்ன லாபம் என்று கேட்கலாம். மோட்டாரில் செல்பவன் ஊரைக் கடந்துவிடுவான். சைக்கிளில் வருபவனுக்குப் பசியுண்டு, தாகமுண்டு, களைப்புண்டு, அவன் நிற்பான். அவன் கொடுக்கும் பணம் பால் கறப்பவளுக்கும், ரொட்டி சுடுபவனுக்கும், சக்கரம் பழுது பார்ப்பவனுக்கும் நேரே சேரும்.

முடிவாக ஒரு விஷயம். பாதை போடுவதினும் பாதுகாப்பது அரிது. ஒரு பலகை சாய்ந்தால் நூறு பேர் வழி தவறுவர். அங்கே தொண்டர்கள் தங்கள் பங்குக்குரிய வழியிற் சென்று, சாய்ந்த பலகையையும் மறைந்த இலக்கத்தையும் குறித்து அனுப்புகின்றனர். அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. கட்டடம் எழுப்பும் நாளில் கூடுபவர் பலர். கூரை ஒழுகும் நாளில் வருபவர் சிலர். அச்சிலரை உடைய சங்கமே நிலைக்கும். ஆகவே, பொதுச்சொத்து எதையேனும் உண்டாக்க எண்ணும் அங்கத்தினர், முதல் வருஷத்துச் செலவுக் கணக்கோடு பத்தாம் வருஷத்துப் பராமரிப்புக் கணக்கையும் ஒருங்கே எழுதிவைத்து, அதற்குரிய ஆளையும் அன்றே நியமித்துக் கொள்வாராக.