இரு நகரங்களுக்கு இடையே ஒரு குன்று

பிழைப்பை நாடித் தலைநகர்ப் பக்கம் வந்து குடியேறியவர்கள் நாம். சொந்தக் கூரை ஒன்று வேண்டும் என்னும் ஏக்கத்தை நாம் நன்கறிவோம். ஆயினும், குருகிராமத்துக்கும் பரீதாபாத்துக்கும் இடையே கிடக்கும் ஆரவல்லிக் குன்றுகளில் குடியிருப்புகள் எழலாகாது என்றே சொல்லுகிறோம்.

அக்குன்றுகளின் பாறைகள் வெடிப்புற்றவை. மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி நிலத்தடி ஊற்றுகளை வளர்க்கிறது. மேலே சிமெண்டுத் தளம் பரவினால் கீழே நீர் இறங்க வழி ஏது?

மாங்கர் என்னும் சிற்றூரை அடுத்த காட்டில், குதரியாதாஸ் பாபாவின் பெயரால், ஊரார் மரம் வெட்டாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். நம் ஊர்க் கோயிற்காடுகளை அது நமக்கு நினைவூட்டும்.

1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டமே இந்நிலத்துக்கு அரண். அச்சட்டப்படி தடைசெய்யப்பட்ட நிலத்தில் எழுந்த காந்த் என்கிளேவ் குடியிருப்பை இடிக்குமாறு 2018இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சேமித்த பொருளையெல்லாம் இட்டு வீடு கட்டியவர்களும் வெளியேற நேர்ந்தது. 2019 பிப்ரவரியில் அரியானாச் சட்டமன்றம் அச்சட்டத்தைத் தளர்த்த முற்பட்டது. மார்ச்சு முதல் நாளே நீதிமன்றம் அதைச் செயற்படுத்த விடாது தடுத்தது. அச்சட்டத்தின் சிறப்பாணைக்கு உட்பட்ட நிலம் காடே என்று 2022இல் தீர்ப்பும் அளித்தது.

ஆகவே, மனை வாங்க முற்படுவோர் விலையைக் கேட்கும் முன், அது காட்டு நிலமா என்று கேட்பார்களாக. வீடு நமக்கு வேண்டும். அவ்வீட்டில் குடிக்க நீரும் வேண்டும் அல்லவா?