கம்பியில் கட்டிய கயிறு
(தேவ்நாரில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வே குமாஸ்தா. மெஷின் ஓட்டியவனல்ல. ஆனாலும் இன்று ஒரு மெஷினைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மழைக்கு முன்னால் மரக்கிளை வெட்டும் ஒப்பந்த வேலைக்கு நம் பிள்ளைகள் நாக்காவிலிருந்து போகிறார்கள். முன்பு கிளையை லாரியில் ஏற்றினால் வேலை தீர்ந்தது. இப்போது சில இடங்களில் அங்கேயே தூளாக்கும் சிப்பர் மெஷின் வருகிறது.

சென்ற மாதம் செம்பூரில் ஒரு குடியிருப்பு வாசலில் பார்த்தேன். சின்னப் பையன். கழுத்தில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. மெஷின் வாயில் சிக்கிய கிளையைக் காலால் உதைக்கிறான்! வாயருகே ஒரு கம்பி உண்டு; அதைத் தள்ளினால் கிளையை இழுக்கும் உருளைகள் நின்றுவிடும். அந்தக் கம்பியைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஏன் தம்பி என்றேன். "அடிக்கடி நின்னுடுதுண்ணே, முகாதம் திட்டுறாரு" என்றான். முகாதம் என்னை முறைத்தார். கயிறு அவிழ்ந்த பிறகுதான் நான் நகர்ந்தேன்.

அந்த உருளைகள் நொடிக்கு அரை மீட்டர் அளவில் இழுக்கும். நம் கையின் நீளம் முக்கால் மீட்டர்கூட இல்லை. "ஐயோ" என்று கத்தி முடிப்பதற்குள் தோள்வரை போய்விடும். இதில் திறமைசாலி, புதியவன் என்ற பேதமில்லை.

இது புதுக் கதையுமல்ல. 1970-களில் பஞ்சாப், அரியானா வயல்களில் கோதுமை அடிக்கும் மெஷினில் கை இழந்தவர்கள் ஏராளம். அங்கேயும் பிழைக்க வந்த பீகார்க் கூலிகள் உண்டு. "ஜாக்கிரதை" என்று புத்தி சொல்லித் தீரவில்லை. 1983-இல் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. கதிர் போடும் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும் என்று தர விதி வகுத்தார்கள். கை எட்டாதபடி மெஷினைச் செய் என்பதே அதன் பொருள். அப்படிச் செய்து வைத்த காப்பை நாமே கயிற்றால் கட்டலாமா?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளையின் அடிப்பக்கத்தை முதலில் விடுங்கள். விட்டதும் பக்கவாட்டில் விலகுங்கள். துண்டுக் குச்சிகளை நீளமான கிளையால் தள்ளுங்கள், கையாலோ காலாலோ அல்ல. துண்டு, காப்புக்கயிறு, மணிக்கட்டில் தொளதொளக்கும் கையுறை ஆகாது. கண்ணாடியும் பூட்ஸும் காண்டிராக்டர் தரவேண்டியவை. மரத்தில் ஆணி இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் மரங்களில் விளம்பரப் பலகை இல்லாதது எது? தூள் பறக்கும் திசையில் ஆள் நிற்கக் கூடாது. ஒருவர் மட்டும் ஓட்டக் கூடாது. அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள். நிறுத்திய பிறகும் கத்தி சுற்றிக்கொண்டிருக்கும். முழுதாக நிற்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஒரு கை போனால் சம்பாதிக்கும் சக்தியில் 60 விழுக்காடு போனதாகவும், தோளோடு போனால் 90 என்றும் கணக்கிட்டது. அந்தப் பணத்தை வாங்கவும் அவன் அங்கே வேலை செய்தான் என்று காட்ட வேண்டும். நாக்காக் கூலிக்கு ஏது மஸ்டர் ரோல்?

ஆகவே தாய்மார்களே, காலையில் டப்பா கட்டும்போதே கேளுங்கள்: எந்த இடம், எந்தக் காண்டிராக்டர், என்ன மெஷின்? பிள்ளையின் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கம்பியைக் கட்டச் சொல்கிற முகாதமின் பெயரையும் எழுதுங்கள். ஞாயிறு காலை நான் வீட்டில்தான் இருப்பேன், நோட்டைக் கொண்டுவாருங்கள்.