ஊதா மலை

(வானொலி மறையுரை)



தொடக்க நூல் 2ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. கடவுள் விலங்குகளையும் பறவைகளையும் உருவாக்கி மனிதனிடம் கொண்டுவருகிறார். எதற்காக? அவன் என்ன பெயரிடுகிறான் என்று பார்ப்பதற்காக. அவன் இட்டதே பெயராயிற்று. படைத்தவருக்குப் பெயரிடத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மனிதனுக்கு இடம் விட்டு நிற்கிறார்.

சிறுபிள்ளைகளின் வகுப்பறையில் நாம் இடம் விடுகிறோமா? இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. கரும்பலகையில் நாம் வரைந்து காட்டியது அதுதான். ஜன்னலுக்கு வெளியே சிறுமலை நிற்கிறது, திராட்சைப் பந்தல் இருக்கிறது, ரயில் போகிறது. அவை தாளில் வருவதே இல்லை.

மறைக்கல்விப் பிள்ளைகளின் ஓவியப் போட்டிக்கு ஒருமுறை நாம் நடுவராக இருந்தோம். ஒன்றாம் வகுப்புச் சிறுமி மலைக்கு ஊதா நிறம் தீட்டியிருந்தாள். "மலை பச்சையாத்தானே இருக்கும் பாப்பா?" என்று கேட்டோம். "சாயங்காலம் வந்து பாருங்க ஃபாதர்" என்றாள். சிரித்துவிட்டு, கோடு தாண்டாமல் பச்சை தீட்டிய பிள்ளைக்குப் பரிசு கொடுத்தோம். அன்று மாலை கோயிலுக்கு வெளியே வந்து பார்த்தால், சிறுமலை ஊதாவாக நின்றது! அடுத்த ஆண்டு அவளும் பச்சை மலை வரைந்தாள். பரிசும் வாங்கினாள். அதைக் கொடுக்கும்போது நமக்கு மனம் கூசியது.

நம் ஊர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கித்தான் பலரும் கொடைக்கானல் போகிறார்கள். அந்த மலையில் 1942 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளுக்காகப் பணியாற்றியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கர், மருத்துவர். ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போரால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். அவருடைய முறையில் ஆசிரியர் சும்மா இருப்பதில்லை. நிற வேறுபாடு அறியப் பிள்ளையின் கண்ணைப் பழக்குகிறார்; வடிவங்களின் ஓரம் பிடித்து வரையக் கையைப் பழக்குகிறார். பிள்ளை தானாகச் செய்யத் தொடங்கியதும் விலகி நிற்கிறார். சுதந்திரம் என்பது கைவிடுவதல்ல. பழக்கிவிட்டு, நம்பி விடுவது.

குழந்தைகளைத் தடுத்த சீடர்கள்மீது ஆண்டவர் கோபம் கொண்டார் என்கிறார் மாற்கு (10:14). நல்லெண்ணத்தில்தான் அவர்கள் தடுத்திருப்பார்கள். நாமும் அப்படித்தான்.

ஆகவே, இந்த வாரம் நம் பிள்ளை ஒரு படத்தோடு வந்தால், திருத்த வேண்டாம். வீட்டுப்பாடப் படத்தை நாமே வரைந்தும் கொடுக்க வேண்டாம். "இதைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு உட்காருவோம். நாம் காணத் தவறியதை ஆண்டவர் அந்தப் பிள்ளை வழியாக நமக்குக் காட்டுவாராக. ஆமென்.