மெய் மறவாத அச்சம்



அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். துயரம் வந்தால் நெஞ்சு அடைக்கிறது. கெட்ட செய்தி கேட்டால் கையும் காலும் ஓடுவதில்லை. இவற்றை வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட இயலாது. அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலிய எட்டினையும் ஆராயும் தொல்காப்பியப் பகுதிக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். உள்ளத்தில் எழுவது மெய்யில் புலப்படுகிறது என்பது அப்பெயரின் கருத்து. அவ்வாறு மெய்யில் பட்ட ஒன்று, உள்ளம் மறந்த பின்னரும் மெய்யை விட்டு நீங்காதிருக்கக் கூடுமா? இவ்வினாவைக் கோலார் தங்கவயலை வைத்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். கேட்போருள் பலருக்கு அது பிறந்த ஊராகவோ, பாட்டன் உழைத்த ஊராகவோ இருக்கலாம்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொழிலைக் கையில் எடுத்தது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் வட்டாரங்களிலிருந்தும் சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறை தாங்கும் பளு அளவு கடந்தது. கல்லை வெட்டியெடுத்த இடம் வெறுமையாகும்போது, சுற்றியுள்ள பாறை அந்தப் பளுவைத் தாங்கமாட்டாமல் திடீரென்று வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்று சுரங்கத்தார் அஞ்சியது இதனையே. பெரிய வெடிப்பானால் தரைமேல் உள்ள வீடுகளும் அதிரும்.

அத்தகைய ஓர் இரவில், லைன் வீட்டில் படுத்திருக்கும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தரை குலுங்குகிறது, அடுக்களையில் பாத்திரங்கள் உருள்கின்றன. தந்தை இரவு ஷிப்டில் கீழே இருக்கிறார். தாய் தலையை முடிந்துகொண்டு சுரங்க வாயிலுக்கு ஓடுகிறாள். 'நீ படு' என்பதற்கு மேல் அவனிடம் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு, வாசலில் தந்தையின் செருப்பொலி கேட்கிறதா என்று செவி சாய்த்துக் கிடக்கிறான். விடியலில் தந்தை நலமாக வந்துவிடுகிறார். எல்லோரும் தேநீர் அருந்துகிறார்கள். அவ்வளவில் அது முடிந்துவிட்டதாகப் பெரியவர்கள் கருதுகிறார்கள். ஆனால் இப்படி எத்தனை இரவுகள்!

அச்சிறுவனுக்கு இப்போது அறுபது வயது; பெங்களூரிலோ புனேயிலோ குடியிருக்கிறான். தெருவில் கனத்த லாரி சென்று சன்னல் அதிர்ந்தால் அவனுக்கு மார்பு இறுகுகிறது. மகன் வீடு திரும்ப அரைமணி தாழ்ந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. மகன் வந்ததும் மகிழ்ச்சிக்குப் பதிலாகச் சினம் பொங்குகிறது. சிறுவயதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவன் உறுதியாகச் சொல்வான். அதில் பொய் இல்லை.

இடர் கண்டால் உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது என்பதை அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். அட்ரீனல் சுரப்பி ஊக்கப்படுகிறது, இதயம் விரைகிறது, தசை முறுக்கேறுகிறது. ஓடி முடித்தவனுக்கு அந்த முறுக்கு தணிந்துவிடும். பாயில் கிடக்கும் குழந்தை எங்கே ஓடும்? அது உறைந்து போகிறது. மீண்டும் மீண்டும் உறைந்த பின், உறைவதே வழக்கமாகிவிடுகிறது. அச்சம் தசையில் மூட்டையாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று சிலர் எழுதுவதை உவமை என்ற அளவில் மட்டுமே நான் ஏற்பேன். மூளையும் நரம்பும் கற்றுக்கொண்ட பழக்கம் என்பதே பொருத்தம். கற்ற பழக்கமாயின், வேறொன்றைக் கற்கவும் இடமுண்டு அன்றோ?

நம் பெண்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. இழவு வீட்டில் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் தழுவி, உடல் குலுங்க ஒப்பாரி வைத்தார்கள். துயரம் உடலின் வழியாகவே வெளியேறியது. ஆண்களுக்கு அந்த உரிமை இல்லை. ஆண்பிள்ளை அழலாமா என்ற ஒரு சொல் அதை அடைத்துவிட்டது. குழந்தைகளையோ பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். காப்பாற்றுவதாக எண்ணியே அவ்வாறு செய்தார்கள்.

இன்று உடலுணர்வின் வழியாக மனப்புண்ணை ஆற்றும் முறைகள் சில பேசப்படுகின்றன. பீட்டர் லெவின் என்பவர் வகுத்த முறையில், நிகழ்ந்ததை முழுவதும் கதையாகச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கால் தரையில் ஊன்றியிருப்பதை முதலில் உணரவேண்டும். உடலில் கலக்கம் இல்லாத ஓரிடத்தை, அஃது உள்ளங்கையாகவும் இருக்கலாம், கண்டுகொள்ள வேண்டும். பிறகு இறுகிய மார்பைச் சில நொடிகள் கவனித்து, மீண்டும் அந்த அமைதியான இடத்திற்குத் திரும்பவேண்டும். மூச்சை விடும்போது இதயம் சற்றே மெதுவாகத் துடிப்பது இயற்கை. ஆகவே மூச்சை நிதானமாக, நீளமாக விடுவது உதவும். கண்களை மூடவேண்டும் என்பதில்லை. பெரியவர் ஒருவர் கையாலேயே துன்புற்றவர்களுக்குக் கண்ணை மூடுவதே அச்சமாகலாம். கலக்கம் மிகுந்தால் உடனே நிறுத்திவிட்டு எழுந்து நடக்கலாம். அத்தகையோர் பயிற்சி பெற்றவர் துணையின்றி இதில் இறங்காதிருப்பதே நன்று.

பயன் உண்டா? நாட்பட்ட அதிர்ச்சி நோயால் வருந்திய 64 பெண்களைக் கொண்டு வான் டெர் கோல்க் என்னும் மருத்துவர் குழுவினர் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பத்து வாரம் யோகப் பயிற்சி பெற்றவருள் 31 பேரில் 16 பேர் அந்நோயின் வரையறையிலிருந்து மீண்டனர். மற்றக் குழுவில் 29 பேரில் 6 பேரே மீண்டனர். சிறிய ஆய்வுதான், இருப்பினும் நம்பிக்கை தருவது.

ஆனால் தங்கவயலாருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் உழைத்தவருக்கு மூச்சு இரைத்தால், அதை மனக்கவலை என்று எண்ணிவிடாதீர்கள். நுண்ணிய கல்தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். காசநோய்க்கும் வழி விடும். மார்புவலிக்கும் முதலில் மருத்துவரே. இதயமும் நுரையீரலும் நலம் என்று தெரிந்த பிறகுதான் நான் மேலே சொன்னவற்றுக்கு இடம்.

முதியவர்களை உட்கார வைத்து, 'அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று துருவுவதும் வேண்டாம். அருகில் அமர்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தால் போதும். கை வேலையில் இருக்கும்போது சொல் தானே வருவதுண்டு. வராவிட்டாலும் குற்றமில்லை. பேரப்பிள்ளைகளின் செய்தி வேறு. வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால், ஏன் சென்றார், யார் உடன் இருக்கிறார், அடுத்த செய்தி எப்போது வரும் என்ற மூன்றையும் குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலத்தில் இருப்போர்க்கு மனநல மருத்துவரிடம் தம் மொழியில் பேச வாய்ப்பு அரிது. வலியை இந்தியில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை இதற்கு உதவும். பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் அதற்குத் தலைமை நிலையமாக உள்ளது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.