மலையோடையில் ஒரு சீழ்க்கை

விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து பழகிய தோட்டத்து மக்களுக்குக் குருவிச் சத்தம் புதிதன்று. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட குருவி, தீபகற்ப மலேசியாவின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. கேமரன் மலை, பிரேசர் மலை, கெந்திங் மலை ஆகிய இடங்களில் அது வாழ்கிறது. சீழ்க்கையடிப்பது போலக் கூவுவதால் அதை மலாயாச் சீழ்க்கைக் குருவி என்போம்.

1905-இல் ஓகில்வி கிராண்ட் என்னும் ஸ்காட்லாந்துப் பறவை ஆய்வாளர், ராபின்சன் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். ஏட்டில் ஏறியது அப்போதுதான். மலையில் வாழும் ஒராங் அஸ்லி மக்கள் அதற்கு முன்பே அதன் குரலைக் கேட்டிருப்பார்கள் அல்லவா!

ஆள் பார்த்தால் மறைந்துவிடும் பறவை இது. நிழல் அடர்ந்த ஓடைக்கரையே இதன் வீடு. பூச்சி புழுக்களைத் தரையில் தேடித் தின்னும். பொழுது புலரும் நேரத்திலும் மங்கும் நேரத்திலும் மட்டும் சாலையோரத்துக்கு வரும். ஆகவே இருட்டோடு இருட்டாகப் போய், ஓடை சாலையைக் கடக்கும் மதகருகே பேசாமல் உட்கார வேண்டும். காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். அட்டைகள் நம்மை முதலில் பார்த்துவிடும்! மெல்லிய, கூர்மையான சீழ்க்கை ஒன்று நீரோசையையும் மீறி வரும். குரல் வந்த திசையில் தரையைப் பாருங்கள்.

கருநீல உடல், கறுத்த அலகு, தோளில் பாதி மறைந்த நீலத் திட்டு, இதுதான் அடையாளம். இதைவிடப் பெரிதாய், மஞ்சள் அலகும் உடலெங்கும் பளபளக்கும் புள்ளிகளும் கொண்டதாய் ஒன்று வந்தால், அது இதன் உறவுக்காரப் பறவை. அதைச் சுண்ணாம்புப் பாறைப் பக்கங்களிலும் பல நாடுகளிலும் காணலாம். அரை இருட்டில் இரண்டும் கறுப்பாகவே தெரியும். அலகைப் பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள்.

கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் உருவானது. அங்கே காட்டைத் திருத்தியவர்களில் நம்மவர்களும் உண்டு. பின்னர் காய்கறித் தோட்டங்கள் சரிவுகளில் பரவின. ஓடைக்கரை மரங்கள் போனால் மண் நீரில் இறங்குகிறது. ரிங்லெட் ஏரி அப்படித்தான் தூர்ந்து வந்திருக்கிறது. குளிர்ந்த மலையை விட்டுக் கீழே இறங்கி இந்தக் குருவியால் பிழைக்க முடியாது. மேலேயோ மலை முடிந்துவிடுகிறது.

மலைத்தோட்டத்தில் வசிக்கும் பிள்ளைகள் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். தேதி, நேரம், எந்த ஓடை, அலகின் நிறம் ஆகியவற்றை எழுதட்டும். குரல் மட்டும் கேட்டு, குருவியைக் காணாத நாளையும் எழுதட்டும்.